இருபத்து மூன்று கட்டு

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன்.
கதை முடிந்து, துரோகி பள்ளத்தில் விழுந்து,
ஆசிரியர் நன்றி சொன்ன பிறகு வரும் பக்கம்:
'காத்திருங்கள்!'
தை முதல் ஆனி வரை ஆறு புத்தகம்.
தபால்தலை அளவில் ஆறு அட்டை.

முக்கூடலில் எங்கள் தெருவில்
ஆயிரம் பீடிக்கு, பிடித்தம் போக, இருநூற்று நாற்பது.
எனக்கு விலை ரூபாயில் விளங்காது.
'எட்டாவது மாலுமி', கறுப்பு வெள்ளை, நூற்றிருபது:
ஐந்நூறு பீடி.
'தூக்குக்கயிற்றுச் சந்தி', குதிரைகள் நிறைய:
நானூறு.
'நீலப்பனியில் ஒரு தபால்', முழு வண்ணம், கெட்டி அட்டை:
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து.
கழிவு என்று ஆறுமுகநயினார் ஒடித்துப்போடுவது
இந்தக் கணக்கில் இல்லை.

இலையை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்துவிட்டுப்
பென்சிலை எடுக்கிறேன்.
மாலுமிக்கு ஒரு புள்ளி. அழிக்கிறேன்.
மாசியில் ஒரு துப்பறியும் கிழவி வருகிறாள்,
அதே மாசியில் நாத்தனார் மகளுக்குச் சடங்கு.
எந்தப் பூட்டையும் ஹேர்பின்னால் திறப்பவளாம்.
எங்கள் மொய் நோட்டைத் திறந்து பார்த்தால்
அவளே வேண்டாம் என்று போய்விடுவாள்.
சித்திரையில் சிலிண்டர் தீரும்.
குதிரைகளே, மன்னிக்கணும்.

ஜங்ஷன் கடையில் தேவசகாயம் எப்போதும் கேட்பார்,
'பிள்ளைக்கா?'
'ஆமா.'
பிள்ளை பாலிடெக்னிக்கில் படிக்கிறான்.
படக்கதை என்றால் அவனுக்குக் கொட்டாவி.
பஸ்ஸில் சுத்தமல்லி விலக்கு தாண்டும் வரை
பையைப் பிரிக்காமல்
வாயை மட்டும் திறந்து முகர்வேன்.
புகையிலை இல்லாத ஒரு வாசம்.

நீலப்பனியை மட்டும் அழிக்க முடியவில்லை.
அந்தச் சின்ன அட்டையில் ஒரு தபால்காரர்,
மலை விளிம்பில் ஒற்றைக் கையில் தொங்குகிறார்.
மற்றக் கையில் பை. பையை விடவில்லை மனுசன்.
கீழே நீலம் நீலமாய்ப் பனி.
எனக்குத் தெரிந்த பனி
மார்கழியில் ஆற்றுமேல் கொஞ்ச நேரம் நிற்பது,
எட்டு மணிக்குள் போய்விடும்.
இது போகாத பனி.
யாருக்குத் தபால்? ஏன் நடந்தே போகிறார்?
கீழே ஒரு புள்ளி தெரிகிறதே, நாயா, ஆளா,
அச்சில் விழுந்த மையா?

'பாதிப் பணம் நான் போடுதேன்' என்றாள் சேர்மக்கனி.
'ஒத்தப்படைப் பக்கம் ஒனக்கு, இரட்டைப்படை எனக்கு.'
ஒரு தாளில் இரண்டும் இருக்கிறதே என்று
அவளுக்கே பிறகு உறைத்துச் சிரித்தாள்.
புகையிலைத் தட்டு சிந்தியது.

தினமும் கூடுதலாய் ஒரு கட்டு.
ஒரு கட்டுக்கு இருபத்தைந்து,
எழுபத்தைந்து கட்டுக்கு ஒரு நீலப்பனி.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் கட்டுக்கு ஒரு புளியங்கொட்டை.
காய்ச்சலில் நாலு நாள் போயிற்று,
இலை மோசமென்று ஒரு வாரம் போயிற்று.
பங்குனி பிறந்து எண்ணினால்
ஐம்பத்திரண்டு.

அன்றைக்குத்தான் பழைய இதழொன்று இரவல் வந்தது.
கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு:
'தவிர்க்க இயலாத காரணங்களால்
நீலப்பனி வைகாசிக்குத் தள்ளிப்போகிறது.'
வாசகர் கடிதத்தில் மதுரைக்காரர் ஒருவர்
பொறுமைக்கும் எல்லை உண்டு என்று பொரிந்திருந்தார்.
கோவைக்காரர் சந்தாவைத் திருப்பிக் கேட்டிருந்தார்.

நான் இலையைக் கீழே வைத்தேன்.
எந்தக் கடையும் எனக்கு இதுவரை
இரண்டு மாதம் தவணை தந்ததில்லை.
அச்சகத்தில் என்ன பழுதோ, காகிதம் எந்தத் துறைமுகத்தில் கிடக்கிறதோ,
நல்லா இருக்கட்டும்.

ராத்திரி விளக்கணைக்கும் முன்
தபால்தலையை விரலால் ஒருமுறை தடவினேன்.
இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.
இருபத்து மூணு கட்டுதான்யா பாக்கி.
கையை விட்டுராதிய.