முன்னூத்திப் பதினாறு

மன்னார்குடி எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம்
ஞானசௌந்தரி அப்பாயி.
ஊரில் விழுந்த சாவெல்லாம்
முதலில் அவள் காதில்தான் விழுந்தது.
அழுகிற குரலிடமும்
"லைன்ல இருங்க" என்பாள்.
வீட்டுக்கு வந்து ரசம் வைப்பாள்.
ஒரு பெயர் சொன்னதில்லை.

கடைசி இரண்டு வருஷம்
பெயர்கள் போய் எண்கள் மிஞ்சின.
அப்பா நாற்பத்திரண்டு, அரிசி மில்.
அத்தை எட்டு, தாலுகா ஆபீஸ்;
அது பொருத்தம்தான்.
நான் முன்னூத்திப் பதினாறு.
கரையான் தின்றது போக மிஞ்சிய டைரக்டரியில் தேடினேன்:
பாமணிக் கரை ஐஸ் கம்பெனி.

ஐஸ் கம்பெனியா நான்?
கேட்டால்,
காதில் இல்லாத ஹெட்செட்டைச் சரிசெய்துகொள்வாள்.

ராத்திரி முழுக்க ஃப்ரீசர் பெட்டி இரைந்தது,
யாரும் எடுக்காத லைன் மாதிரி.
விடிகாலையில் சம்பங்கி மாலையோடு ஒரு கிழவர்.
ஐஸ் கம்பெனி பழைய வாட்ச்மேனாம்.

"புயலன்னிக்கி எங்க போன் ஒண்ணுதான் உசுரோட இருந்துச்சு.
ஒங்கப்பா நனைஞ்சு ஓடியாந்தாரு.
நீ பொறந்துட்டேன்னு சொல்லிட்டு ஒரே அழுகை.
அந்தப் பக்கம் சத்தமே இல்ல.
ரொம்ப நேரங்கழிச்சு,
'லைன்ல இருங்க'ன்னாங்களாம்."

அப்பா பந்தல்காரருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
இத்தனை வருஷத்தில் இதை எங்களிடம் சொன்னதில்லை.
அவள் பிள்ளை.