காதுக்கு வாங்கியது

சீட்டு விழுந்தது, முப்பத்தெட்டாயிரம்.
அம்மா சொன்னாள்: காதுக்கு ஏதாவது எடு.
எடுத்தேன்.

பெட்டியைப் பிரித்தபோது அவள் முகம் போன போக்கை
எனக்கு எழுத வராது.
"இதுக்கா பிள்ளே இருவது மாசம் கெட்டினது?
பனிக்குக் கெட்டுத மப்ளரு கணக்கா இருக்கு."
பின்பக்கம் மூடின ஹெட்போன், என்றேன்.
உள்ளே இருப்பது வெளியே போகாது.
வெளியே இருப்பது உள்ளே வராது.
"அப்பம் நான் கூப்பிட்டா?"
அதற்குக் கையேட்டில் பதில் இல்லை.

காலை ஆறு ஐம்பது, குளச்சல் பஸ் ஸ்டாண்ட்.
டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்.
தோல் மெத்தை காதைச் சுற்றி அமர
ஒரு மூச்சு நேரம் பிடிக்கும்.
கம்மலோடு போட்டால் இடுக்கு விழுகிறது.
அந்த அரிசியளவு இடுக்கில்
மந்தர ஸ்தாயி முழுவதும் ஒழுகிப் போகிறது.
முதல் வாரம் விவரம் தெரியாமல்
கம்பெனிக்காரனைத் திட்டினேன்.
இரண்டாவது வாரம் கம்மலைக் கழற்றி
டிபன் பையின் உள்ஜிப்பில் வைத்தேன்.
அன்றைக்குத்தான் தெரிந்தது
தம்புராவுக்கு அடிவயிறு உண்டென்று.

திங்கள்சந்தையில் ஏறுகிறவர்கள் வாயசைக்கிறார்கள்.
கண்டக்டர் ஜெஸ்டஸ் விசில் ஊதுகிறார்,
கன்னம் உப்புவது மட்டும் தெரிகிறது.
இரணியல் வளைவில் ஒரு பலாப்பழம்
யாருடைய காலடியிலிருந்தோ உருண்டு
சத்தமே இல்லாமல் என் செருப்பில் வந்து முட்டுகிறது.

ஒன்பது வருடமாகக் கேட்கிற கச்சேரிப் பதிவு.
போனோடு இலவசமாக வந்த ஒயரில் கேட்டது.
இப்போது, ஆலாபனை பாதி போகையில்,
வயலின்காரர் மூக்கை உறிஞ்சுகிறார்.
மனிதருக்குச் சளி.
ஒன்பது வருடம் எனக்குத் தெரியாது.
தோட்டியோடு தாண்டும்வரை
சுகமாயிருப்பாரா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்,
ராகம் போனது.

குறை இல்லாமல் இல்லை.
மே மாதம் பார்வதிபுரம் நெரிசலில் நின்றால்
காது அவிந்துபோகும்.
ஒயர் துப்பட்டாவில் உரசினால்
பாட்டுக்குள் யாரோ பாய் விரிப்பார்கள்.
லேபில் ரத்தம் கொடுக்க வந்தவர்
என் கன்னத்தோரத்து வட்டத் தடத்தைப் பார்த்து
பூச்சி கடித்ததா என்றார்.
ஆமா, விலை கூடின பூச்சி.

ஞாயிறு பூசை முடிந்து வருகையில்
ஸ்டெல்லா மாமி பிடித்துக்கொண்டாள்.
"என்ன ரோசிலி, பிள்ளைக்க காது மூளியா கெடக்கு?"
அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
வீடு வரைக்கும் சொல்லவில்லை.
அதுதான் பயம்.

எங்கள் வீட்டின் ஒரு சுவர் ஐஸ் பிளாண்டுக்கும் சுவர்.
கம்ப்ரஸர் ராப்பகல் ஓடும்,
நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓடுகிறது.
அதற்கு மேலே பேசிப் பேசித்தான்
அம்மாவுக்கு இந்தக் கட்டைத் தொண்டை.
நாங்கள் யாரும் அதைக் கேட்பதில்லை.

அன்றிரவு கை நீட்டினாள். "தா, பாக்கட்டு."
என்ன போடட்டும், பாட்டா வயலினா?
"ஒண்ணும் போடாண்டாம்."
ஒயரைச் செருகாமலே வைத்துக்கொண்டாள்.
நெற்றி சுருங்கிற்று. கழற்றினாள்.
பிறகு தன் கம்மல்களை,
ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குக் கழற்றச் சொன்னபோது
சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்த அதே கம்மல்களை,
சோப்பு நுரை தொட்டுத் திருகித் திருகி எடுத்து
என் உள்ளங்கையில் போட்டாள்.
வெதுவெதுப்பாக இருந்தன.
மறுபடி வைத்தாள்.

"நின்னு போச்சு!"
தன் குரல் தனக்குக் கேட்காததால்
தெருவுக்கே கேட்கும்படி.

பத்து நிமிடத்தில் உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டாள்.
கழற்ற மனம் வரவில்லை.
கம்மல்களை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருக்கிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடுகிறது.
அதற்குள் இரண்டு சுருதி.
ஒன்று கொஞ்சம் இறங்கி.