எட்டுக்கு எட்டு

டொலீடோ, ஆடம்ஸ் தெரு.
இருபது வருடம் ராத்திரியில்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.
அடகுக்கடை, மதுக்கடை, மறுபடி அதே அடகுக்கடை.
கண்ணாடிக்கு அழுது மாளாமல்
பிளைவுட் அடித்துவிட்டு ஊரைவிட்டே போனவர்கள் பாதி.

இப்போது பகலில் கூப்பிடுகிறார்கள்.
தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி,
உள்ளே தொட்டிச்செடி, ஓட்ஸ் பால் காப்பி,
வாசலில் யாரோ பூட்டாமல் விட்ட சைக்கிள்.
பொய் சொல்லமாட்டேன், எனக்கும் பிடித்திருக்கிறது.
என் மகள் இங்கே தனியாகப் பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

புதுச் சொந்தக்காரி ப்ரின் சுவரைக் காட்டினாள்.
செங்கல்லில் ஒரு துளை.
"இதை மட்டும் மூடிடாதீங்க.
சட்டம் போட்டுக் கண்ணாடி வெச்சிடுங்க,
பழைய ஊரோட வாசனை."

அப்போது இது செருப்புக்கடை.
கல்லாவில் ரோஸ்கோ,
பதினொன்றரை நம்பர் பூட்ஸ் எடுக்கத் திரும்பியவன்.
முதல் குண்டு அவனுக்கு. இது இரண்டாவது.
அன்றைக்கும் ஜன்னல் மாற்றியது நான்தான்.

சொல்லவில்லை. கூலி பேசினேன்.
அளவெடுக்கிற சாக்கில்
விரலை விட்டுப் பார்த்தேன்,
இரண்டாம் கணுவரை போயிற்று.

எட்டுக்கு எட்டு அங்குலம்.
சுற்றிலும் சிலிக்கான் வைத்து இறுக்கினேன்.
வெளிப்பக்கம் பளபளவென்று.
உள்பக்கம் ஒரு விரல்ரேகை.
அதைத் துடைக்க
இனி உடைக்கத்தான் வேண்டும்.