ஒற்றைத் தும்மல்

சேரன்மகாதேவி சார்பதிவாளர் அலுவலகத்தில்
பதினோரு வருஷமாக
என் மூக்குதான் எமகண்டம்.
பேனா தாளைத் தொடப்போகும் நேரம்
ஒற்றையாக ஒன்று வந்து விழும்.
இரட்டையாக வந்தால் குற்றமில்லை என்பார்கள்.
எனக்கு எப்போதும் ஒன்றுதான்.
"நாளைக்குப் பாப்பம் வே" என்று
வாங்க வந்தவர் எழுந்துவிடுவார்.

பாளையங்கோட்டையில் டாக்டர் எஸ்தர் கனகமணி
என் முன்னங்கையில் எண் போட்டு
சொட்டு வைத்து, ஊசி முனையால் குத்தினார்.
தூசிப் பூச்சி, கரப்பான், பார்த்தீனியம்,
பூனை முடி, பஞ்சு,
ஆறாவது, பழைய தாளில் பூக்கும் பூஞ்சணம்.
இருபது நிமிஷம் சொறியக் கூடாது.
மாமனார் வீட்டில்கூட
அவ்வளவு நேரம் கையைக் கட்டி இருந்ததில்லை.

"சளி என்றால் வாரத்தில் போயிருக்கும்.
மூக்குத் தண்டு இடப்பக்கம் கொஞ்சம் வளைவு,
அது பாவம், அதைச் சொல்லாதீர்கள்.
தாளிப்பு, ஊதுபத்தி, ஆனிக் காற்று,
எல்லாம் கிளறிவிடுகிற ஆட்கள்."
ஒன்றும் ஆறும் கொசு கடித்த மாதிரி தடித்திருந்தன.
"ஒத்துக்கொள்ளாதது
உங்கள் தலையணையும் உங்கள் உத்தியோகமும்."

தலையணை உறையை வெந்நீரில் போட்டேன்.
உத்தியோகத்தை எதில் போட?
ராத்திரிக்கு ஒரு மாத்திரை.

மூன்று மாதம் சமர்த்து மூக்கு.
பதிவுகள் மளமளவென்று நடந்தன.
பத்திர எழுத்தர் நல்லகுற்றாலம்
முதல்முறையாக எனக்கு டீ வாங்கித் தந்தார்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை, பேராச்சி.
விடுதலைப் பத்திரம்.
கன்னடியன் கால் பாயும் முப்பது சென்ட்.
இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி.
ரேகைக் கருவியில் வைக்குமுன்
பெருவிரலைச் சேலையில் துடைத்தாள்,
மறுபடியும் துடைத்தாள்.
பிறகு என் மூக்கைப் பார்த்தாள்.
ஊருக்கே தெரிந்த மூக்கு.
அரிக்கக்கூட இல்லை.

"மூலப் பதிவு ஒருதடவை பாத்துக்கிடுதேன்" என்றேன்.
யாரும் கேட்கவில்லை.
பதிவறையின் கீழ்த்தட்டில்
ஐம்பத்து மூன்றாம் வருஷத்துத் தொகுதி.
தூக்கிவந்து அவர்கள் முன்னால் பிரித்தேன்.
விசிறி மாதிரி பக்கங்களை விட்டேன்.
குனிந்து, பார்வை மங்கினவன் போல,
நடுத்தாளில் மூக்கை வைத்து இழுத்தேன்.

மாத்திரை மல்லுக்கட்டியது.
கண் முதலில் நனைந்தது.
மேலண்ணத்தில் எறும்பு ஊர்ந்தது.

விழுந்தது.

"சவத்த மூக்கு" என்றான் தம்பி.
அண்ணன் செருப்பைத் தேடினான்.
இரண்டாவது வந்துவிடக் கூடாதே என்று
இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

கருவியிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு,
பிள்ளை தும்மினால் சொல்வது போல,
"நூறு" என்றாள் பேராச்சி,
எனக்கு மட்டும் கேட்கும்படி.