ஆட்சேபம் இல்லை

கிரிம்ஸ்பி துறைமுகத்தின் பின்தெருவில்
முதியோர் இல்லம். எட்டாம் எண் அறை.
முதல் வாரமே கிளிஃபர்ட் சவர்பி சொன்னார்:
'இப்போது ஒரு டீயைக் கொலை செய்வேன்.'
லாத்வியாவிலிருந்து வந்திருந்த டைகா
தட்டிலிருந்த வெண்ணெய்க் கத்தியை
மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அன்றிரவு ஒரு நோட்டு தொடங்கினாள்.

'ஐ வாண்ட்': குழந்தைகள் சொல்வது,
வங்கியில் துப்பாக்கியோடு நுழைகிறவர்களும்.
'ஐ வுட் லைக்': அதே பசிதான்,
முகம் கழுவி, காலர் பொத்தானும் போட்டிருக்கிறது.
'ஃபேன்ஸி' நாக்கு நுனியோடு சரி.
சிப்ஸ் கேட்டார், வாங்கி வருவதற்குள் தூங்கிவிட்டார்,
ஆறிப்போனதை நான்தான் தின்றேன்.
'ஹோப்' கதவில் கைவைத்து நிற்கிறது,
'விஷ்' சுவரில்.

'ஐ வுடன்ட் மைண்ட்':
இதற்கு மட்டும் இரண்டு பக்கம் விட்டுவைத்தாள்.
அகராதியைக் கேட்டால்
ஆட்சேபம் இல்லை என்கிறது.
ஆனால் அதைச் சொல்கையில் அவர்
நம்மைப் பார்ப்பதில்லை.
ஐஸ்லாந்துக் கடலில் இருபத்தெட்டு வருடம்
வலை இழுத்த விரல்கள்
போர்வை ஓரத்தைத் திருகித் திருகி
நூல் பிரித்திருக்கின்றன.

மார்ச்சில் கவுன்சில் அதிகாரி வந்தாள்,
மடியில் படிவம்.
வீட்டுக்குத் திரும்ப விருப்பமா, மிஸ்டர் சவர்பி?
ஜன்னலுக்குப் பதில் சொன்னார்:
'ஐ வுடன்ட் மைண்ட்.'
குறிப்பிட்ட விருப்பம் ஏதுமில்லை என்று
எழுதிக்கொண்டாள் அவள்.
இதே ஊர்க்காரி, தாய்ப்பாலோடு ஆங்கிலம் குடித்தவள்.
'அவர் அழுகிறார்' என்றாள் டைகா.
'எங்கே?' என்று நிமிர்ந்தாள் அதிகாரி.
காய்ந்த கண்கள் இரண்டு.
பேனா மூடும் சத்தம்.

ஜூன் மாதம், வருடத்தின் மிகச் சிறிய இரவு.
லியபாயாவில் கடலோரம் தீ மூட்டுவார்கள்,
ஓக் இலையில் கிரீடம் கட்டுவார்கள்,
டைகாவின் மகளுக்கு அந்த வருடம் பதினொன்று.
மேலாளர் கேட்டார், லீவு வேண்டுமா?
அவள் வாயிலிருந்து வந்தது,
கிளிஃபர்டின் அதே இழுவையோடு,
'ஐ வுடன்ட் மைண்ட்.'

லீவு கெய்லீக்குப் போனது.
கிடைக்காவிட்டால் செத்தே போவேன் என்றிருந்தாள் கெய்லீ.
ஸ்பெயினிலிருந்து
நீச்சல் குளத்தோரம் கால் நீட்டிய படம் அனுப்பினாள்.

தீயைக் கைபேசியில் பார்த்தாள் டைகா,
சத்தத்தைக் குறைத்து, தாழ்வாரத்தில் நின்று.
மகள் யாருடைய கையையோ பிடித்துத் தாண்டுகிறாள்.
காட்சி நடுங்கி நின்றுவிட்டது.

மூன்று மணிக்கு எட்டாம் எண் மணி அடித்தது.

'ஐ வாண்ட்' என்றார் கிளிஃபர்ட்.
காத்திருந்தாள்.
டீயா? தலையசைக்கவில்லை.
கழிப்பறையா, ஜன்னல் திறக்கட்டுமா,
வீடா என்று கேட்க வந்து கேட்கவில்லை.
'ஐ வாண்ட்.'
அடுத்த சொல் வரவே இல்லை.

அவள் மொழியில் ஆசையை யாரும் செய்வதில்லை,
அது தானாக வந்து சேர்வது, வெளியிலிருந்து, காய்ச்சல்போல:
எனக்கு வேண்டும், எனக்கு.
ஆங்கிலத்தில் அந்த 'கு' இல்லை,
ஒற்றை 'ஐ' தான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது.

நோட்டு சட்டைப்பையில் இருந்தது.
எடுக்கவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
'மன் அரீ' என்றாள், அவருக்குப் புரியாத லாத்வியனில்.
எனக்கும்.

பிறகு, எதற்கும் இருக்கட்டுமென்று,
எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டாள்.