கவ்விய நேரம்

காரைதீவுச் சந்தியில் நெல் லொறி.
வெளியே ஒரு கீறலும் இல்லை,
ஸ்டியரிங் வட்டம் மட்டும்
நெஞ்சில் கருநீலமாய்.

மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தபோது
கிழிந்த பெருநாடி
கடைசித் தோலொன்றை நம்பி
இரத்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

டொக்டர் குலவீரசிங்கம் கவ்வியை இறுக்கினார்.
நிமிடம் சொல்வது என் வேலை.
ஐந்து.
பதினொன்று.
வட்டவிதானை கதவடைத்தால்
முதலில் காய்வது வாய்க்காலின் கடைசி வயல்;
இவருக்கு முள்ளந்தண்டு.

வெள்ளைக் குழாய்த்துண்டு, நீல நூல்.
இருபத்தாறு என்றேன். திறந்தார்.
ஒருவரும் பேசவில்லை,
துணி நனைகிறதா என்றே பார்த்தோம்.

விடியக் கண்விழித்த சபூர்தீன்
லொறியைக் கேட்டார்,
நெல்லைக் கேட்டார்.

"கால் பெருவிரலை ஆட்டுங்க."

"ஏன், காலுக்கு என்ன?"
எரிச்சலோடு
ஆட்டிக் காட்டினார்.