அட்டையில் ஒரு ராக்கெட்

ஸ்டென்கா பாவிசிச்சின் ஒன்பது புத்தகங்களுக்கும்
அட்டை வரைந்தவன் நான்.
எட்டில் ராக்கெட் வரைந்தேன்.
அந்த எட்டிலும் அவள் ராக்கெட் எழுதவில்லை.

சாந்தியாகோவில் அச்சகத்தின் மாடி.
கீழிருந்து சூடான ஈயத்தின் வாசனை.
பதிப்பாளர் லிசாந்த்ரோ கைப்பிரதியைக் கண்ணில் காட்டமாட்டார்,
தலைப்பை மட்டும் சொல்வார்:
'காற்றின் கஜானா. வெள்ளிக்குள் வேண்டும்.
ராக்கெட் போடு, விற்கும்.'
அட்டைக்கு நாற்பது எஸ்குதோ.
படித்துவிட்டு வரைந்தாலும் அதே நாற்பது.

அவளோ நாடு முடிகிற இடத்தில்,
புந்தா அரேனாஸ் துறைமுகத்தில்,
கம்பளிப் பொதிகளின் எடை எழுதும் குமாஸ்தா.
பகலெல்லாம் கிலோ, இரவெல்லாம் கோள்.
முதல் நாவல் முழுவதும்
கப்பல் ரசீதுகளின் முதுகில்.
ஆறாம் அத்தியாயத்துக்குப் பின்பக்கம்
லிவர்பூலுக்குப் போன நானூறு பொதி.
காற்றடிக்கும் நாளில் அவ்வூர்த் தெருமுனைகளில்
கயிறு கட்டுவார்களாம்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.

அவள் கோளில் காசு கிடையாது,
காற்றுதான் செலாவணி.
பணக்காரர்கள் கதவைத் திறந்தே போட்டிருப்பார்கள்.
ஏழை வீட்டில் திரைச்சீலை அசையாது.
கடன்பட்டவன் மூச்சை எண்ணிக் கொடுக்க வேண்டும்,
வட்டிக்குப் பெருமூச்சு.

இதற்கு நான் வரைந்தது
சிவப்பு ராக்கெட், பக்கத்தில்
தகரக் கச்சை கட்டிய பொன்முடிப் பெண்.

கடிதம் வந்தது.
'மதிப்பிற்குரிய கிலோத்ரான்,
என் கதையிலுள்ள ஒரே பெண்ணுக்கு
எழுபத்தோரு வயது. வரி வசூலிக்கிறாள்.
குளிர்ப் பிரதேசம்.
அட்டையில் இருப்பவளுக்குத் தயவுசெய்து
ஒரு கோட்டாவது கொடுங்கள்.'

அடுத்த புத்தகத்தில் கோட்டு கொடுத்தேன்.
ராக்கெட்டை எடுக்கவில்லை.

நூறாண்டுக்கு ஒருமுறை மட்டும் கரைக்கு வரும் கடல்,
இடையில் பிறந்தவர்களுக்கு அது வெறும் வதந்தி:
ராக்கெட்.
தூக்கத்தைப் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்பும் ஊர்:
ராக்கெட்.
ஓய்வூதிய வரிசையில் நிற்கும் கிழட்டு டிராகன்கள்,
நெருப்பு இன்னும் வருகிறதென்று
ஆண்டுதோறும் சான்றிதழ் காட்ட வேண்டியவை:
டிராகனின் முதுகில் ராக்கெட்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம்.
ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை.

பிறகு அந்தச் செப்டம்பர்.
சிப்பாய்கள் மாடியேறி வந்தார்கள்.
வரலாற்றுப் புத்தகம், பொருளாதாரப் புத்தகம்,
க்யூபிசம் பற்றிய ஒன்று கூட
(கியூபா என்று நினைத்துவிட்டார்கள்)
முற்றத்துத் தீயில் விழுந்தன.
ஸ்டென்காவின் கட்டுகளைப் பிரித்தான் ஒருவன்.
ராக்கெட்டைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான்.
சிரித்தான்.
ஒரு பிரதியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
மீதியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டான்.

அன்று ஊரடங்கு. வீட்டுக்குப் போக முடியவில்லை.
அச்சகத்தில் படுத்து
முதன்முறையாக அவளைப் படித்தேன்.
பதினோரு வருடம் தாமதம்.
நடு இரவில் எழுந்து
சன்னலைத் திறக்கப் போய், பயந்து,
திறக்காமல் நின்றேன்.
திரைச்சீலை அசையவில்லை.

அடுத்த குளிர்காலம் பல்கலைக்கழகச் சுவரில்
யாரோ கரியால் எழுதியிருந்தார்கள்:
மூச்சுக்கு வட்டி கேட்காதே.
வெள்ளையடித்தார்கள். வேறு சுவரில் முளைத்தது.
எந்தப் புத்தகம் என்று அதிகாரிகளுக்குத் தெரியவில்லை.
அவள் எனக்கு ஒரு வரி அனுப்பினாள்:
'உங்கள் அசிங்கமான ராக்கெட்டுக்கு நன்றி.'

இன்று அவள் பெயரில் பரிசு இருக்கிறது.
அவளிடமிருந்து திருடியதாகப்
பெருமையோடு ஒப்புக்கொள்ளும் எழுத்தாளர்கள்
நாலு மொழியில் இருக்கிறார்கள்.
எனக்கு நினைவிருப்பது ஒன்பதாவது புத்தகம்.
கைப்பிரதி கொடுத்தால்தான் வரைவேன் என்றேன்.
லிசாந்த்ரோ முறைத்தார், கொடுத்தார்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
செம்மறி மேயும் வெளியில்
துருப்பிடித்துச் சாய்ந்திருந்தது ஒரு ராக்கெட்.
யார் விட்டுப்போனதென்று யாருக்கும் தெரியாது.
அதன் வாலில் கயிறு கட்டித்
துணி உலர்த்துகிறார்கள்.

நான் கயிற்றை வரைந்தேன்.
காற்றில் உப்பிய சட்டைகளை வரைந்தேன்,
கயிறு விறைத்துச் சட்டகத்துக்கு வெளியே போகிறது.
அவ்வளவுதான். ஆறு வாரம் ஆனது.

தெற்கிலிருந்து தபாலட்டை வந்தது.
'கிலோத்ரான்,
இருபது வருடப் புகாருக்குப் பிறகு
உங்களுக்காகவே ஒன்றை எழுதி வைத்தேன்.
எங்கே என் ராக்கெட்?'